கொட்டியாரக் குடாவின் அட்டவணை

கொட்டியாரக் குடாவில் ஒரு போத்தல் நீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், திரும்பி வருவது ஒரு நிரை எண்கள்: உவர்த்தன்மை, வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஒட்சிசன், நைத்திரேற்று, பொசுபேற்று, அமோனியா, சிலிக்கா, கலங்கல். மாதம் ஒரு முறை பத்து இடங்களில் எடுத்தால் ஆண்டுக்கு 120 நிரைகள். ஒன்பது நிரல்களோடு பெருக்கினால் 1,080 எண்கள். அறிக்கை எழுதுபவர் ஒவ்வொரு நிரலாக எடுப்பார், அனுமதிக்கப்பட்ட எல்லையோடு ஒப்பிடுவார், "எல்லைக்குள்" என்று குறித்துவிட்டு அடுத்த நிரலுக்குப் போவார். ஒன்பதும் எல்லைக்குள் இருந்தால் குடா நலமென்று கோப்பு மூடப்படும்.

அப்படி மூடப்படும் கோப்பில் குடாவின் கதை தவறிப்போகிறது. 335 கிலோமீற்றர் ஓடி, இலங்கைத் தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்து நீரை வடித்துக்கொண்டு வரும் மகாவலி, மூதூர்ப் பக்கத்தில் இந்தக் குடாவில்தான் விழுகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடை மழை கொட்டும்போது ஆற்று நீர் குடாவின் மேற்பரப்பில் பரவும். உவர்த்தன்மை இறங்கும். பாறையையும் மண்ணையும் கரைத்துக்கொண்டு வரும் ஆறு சிலிக்காவைக் கூட்டும், ஏனென்றால் திறந்த கடலின் மேற்பரப்பில் சிலிக்கா மிகக் குறைவு. வயல்களைத் தாண்டி வந்த நீரில் நைத்திரேற்றும் சேர்ந்திருக்கும். கலங்கல் ஏறும். இத்தனை நிரல்கள் ஒரே நேரத்தில் அசைகின்றன. அசைப்பது ஒன்றே ஒன்று, ஆறு. ஆனால் அட்டவணையில் "ஆறு" என்று தலைப்பிட்ட நிரல் எதுவும் இல்லை.

இன்னொரு நாள் உவர்த்தன்மை அசையாமல் நிற்க, அமோனியாவும் பொசுபேற்றும் மட்டும் சற்று ஏறியிருக்கலாம். இரண்டும் எல்லைக்குள்தான். மாரிகாலத்தில் அதே அளவுகள் வந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவும் தேவையில்லை. கடல்நீர் கலப்பின்றி இருக்கும் நாளில் அவை ஏறினால் கரையிலிருந்து கழிவுநீர் எங்கோ இறங்குகிறது என்று பொருள். செய்தி இருப்பது எண்களுக்கிடையேயான உறவில். தனித்தனி எண்களுக்கு அது தெரியாது.

இந்த உறவுகளை ஒன்றாகப் பார்க்கும் கணித முறைகளுக்குப் பன்மாறிப் பகுப்பாய்வு என்று பெயர். இரசாயனத்துக்குள் வந்தபோது அது கெமோமெட்ரிக்ஸ் ஆனது. சுவீடனின் உமெயோ நகரத்து இரசாயனவியலாளர் ஸ்வாந்தே வோல்ட் 1971 இல் அந்தப் பெயரைச் சூட்டினார். 1974 இல் அவரும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து புரூஸ் கோவால்ஸ்கியும் சேர்ந்து அதற்கென ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கினார்கள். கருவிகள் கணினியோடு பிணைந்து, ஒரு மாதிரிக்கு ஐந்து எண்களுக்குப் பதிலாக ஐந்நூறு எண்களைத் துப்பத் தொடங்கிய காலம் அது. இரசாயனம் படித்தவர்களுக்கு ஐந்நூறு எண்களை என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இன்றும் பல இளமாணிப் பாடத்திட்டங்களில் இதற்கு இடமில்லை. அதனால்தான் உலகெங்கும் இந்தத் துறை நான்கைந்து நாள் குறுங்காலப் பாடநெறிகள் வழியாகவே பெரும்பாலும் கைமாறுகிறது.

அப்பாடநெறிகளில் முதலில் வருவது பிரதான கூறுப் பகுப்பாய்வு. ஆய்வுகூடங்களில் எல்லோரும் பி.சி.ஏ. என்பார்கள். கார்ல் பியர்சன் 1901 இல் அதன் வடிவியலை எழுதினார். ஹரோல்ட் ஹோட்டலிங் 1933 இல் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். ஒரு பாரை மீனை வெயிலில் தூக்கிப் பிடித்தால், தலையைச் சூரியனுக்கு நேரே வைத்தபோது தரையில் விழுவது ஒரு சிறு நீள்வட்டம், என்ன மீனென்றே தெரியாது. பக்கவாட்டில் திருப்பினால் வாலும் செட்டையும் தெரிய முழு மீனும் நிழலாக விழும். ஒன்பது நிரல்கள் என்றால் ஒன்பது பரிமாணம், நம் கண்ணுக்கு எட்டாத வெளி. அந்த வெளியில் கிடக்கும் 120 புள்ளிகளின் நிழல் எந்தப் பக்கம் மிக அகலமாக விழுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே பி.சி.ஏ. மிக அகலமான திசை முதற்கூறு. அதற்குச் செங்குத்தான திசைகளில் அடுத்த அகலமானது இரண்டாம் கூறு. ஒவ்வொரு போத்தலும் அந்தத் திசையில் எங்கே நிற்கிறது என்பது அதன் ஸ்கோர். அந்தத் திசையை உருவாக்குவதில் ஒவ்வொரு நிரலுக்கும் எவ்வளவு பங்கு என்பது லோடிங்.

குடாவின் அட்டவணையில் முதற்கூறின் லோடிங்குகளைப் பார்த்தால் ஒரு முனையில் உவர்த்தன்மையும் எதிர்முனையில் சிலிக்கா, நைத்திரேற்று, கலங்கலும் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். கணிதத்துக்கு மகாவலியைத் தெரியாது. அது கொடுத்தது ஒரு திசை மட்டும். அதற்கு ஆறு என்று பெயர் வைப்பவர், மார்கழியில் மூதூர் இறங்குதுறையில் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தவர். இந்த அத்தியாயம் முழுவதும் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். முறையை நான்கு நாளில் கற்கலாம். ஆனால் அது கையில் நிற்க வேண்டுமானால், எந்த எண் எந்த நீரிலிருந்து வந்தது என்று கற்பவருக்குத் தெரிந்த ஓர் அட்டவணை வேண்டும்.

பெரும்பாலான பாடநெறிகள் கொடுப்பது வேறு. 1936 இல் ரொனால்ட் ஃபிஷர் பயன்படுத்திய 150 ஐரிஸ் பூக்களின் இதழ் அளவுகள் இன்னும் எல்லா மென்பொருளோடும் வருகின்றன. இரசாயனவியலாளர்களுக்கு என்றால் ஜெனோவாவின் ஃபொரீனா குழுவினர் 1983 இல் வெளியிட்ட இத்தாலிய ஒலிவ் எண்ணெய்கள்: 572 எண்ணெய்கள், 8 கொழுப்பமிலங்கள், 9 பிரதேசங்கள். அருமையான தரவு. சார்டினிய எண்ணெய் ஒரு பக்கமும் தென்னித்தாலிய எண்ணெய் இன்னொரு பக்கமும் அழகாகப் பிரிந்து நிற்கும். ஃபொரீனாவுக்கு அது அழகு மட்டும் இல்லை, தன் நாட்டு எண்ணெயைப் பற்றிய தன் கேள்வி. திருகோணமலையில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் மாணவருக்குச் சார்டினியா எங்கே என்பதே வரைபடத்தில் தேட வேண்டிய விடயம். புள்ளிகள் பிரிந்தன, சரி, ஏன் பிரிந்தன என்று கேட்க அவருக்கு வழியில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு நல்ல அட்டவணை கிடைக்கும். வடக்கே கனிய மணல், தெற்கே ஆற்றுமுகம், மேற்கே வெந்நீர், துறைமுகத்தைச் சுற்றி எண்ணெயும் கோதுமையும் சீமெந்தும். இத்தனையும் ஒரே மாவட்டத்தில் அமைந்த ஊர்கள் உலகில் அதிகமில்லை.

கணக்குப் போடுவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்குச் சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம். செம்போ மைக்ரோகிராம் கணக்கு. இரண்டையும் அப்படியே ஒரே அட்டவணையில் போட்டால் முதற்கூறு முழுவதையும் சோடியமும் குளோரைட்டுமே பிடித்துக்கொள்ளும், செம்பு இருந்த இடமே தெரியாது. ஆகவே ஒவ்வொரு நிரலிலிருந்தும் அதன் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். இப்போது எல்லா நிரலுக்கும் ஒரே குரல். ஆனால் கருவி உணரக்கூடிய மிகக் குறைந்த அளவை ஒட்டி நிற்கும் ஒரு நிரலில் இருப்பது பெரும்பாலும் கருவியின் நடுக்கம்தான். அதற்கும் அதே குரல் கிடைத்துவிடும். மென்பொருளில் இது ஒரு பொத்தான். எந்த நிரலை நம்பலாம் என்பது அந்தக் கருவியோடு வேலை செய்தவருக்குத்தான் தெரியும்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் புல்மோட்டை. கரை மணல் கறுத்திருக்கும். இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கன், காணெற்று, மொனசைட்டு ஆகிய பாரக் கனியங்களை வாடைக்கால அலைகள் அங்கே ஒதுக்குகின்றன. இந்த மணலை எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் வைத்தால் கனியங்களின் பெயர் வராது, மூலகங்களின் வீதங்களே வரும்: தைத்தேனியம், இரும்பு, சேர்க்கோனியம், ஆபினியம், சீரியம், இலந்தனம், தோரியம், பொசுபரசு. பல இடத்து மணல்களை அளந்து பி.சி.ஏ. செய்தால் சேர்க்கோனியமும் ஆபினியமும் பிரியாமல் ஒன்றாக நகரும், ஏனென்றால் இரண்டும் குடியிருப்பது சேர்க்கன் பளிங்கில். சீரியம், இலந்தனம், தோரியம், பொசுபரசு நான்கும் ஒரு கூட்டமாக வரும். அது மொனசைட்டு. தைத்தேனியமும் இரும்பும் சேர்ந்தால் இல்மனைட்டு. அட்டவணைக்குள் மூலகங்களைப் போட்டால் வெளியே கனியங்கள் வருகின்றன. பி.சி.ஏ. எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

இந்த நாட்டின் கனியங்களைப் பற்றிப் பேசும்போது ஆனந்த குமாரசுவாமியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கலை வரலாற்றில் பெயர் பெறுவதற்கு முன் அவர் இலங்கைக் கனிய அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். 1904 இல் அவர் கண்டெடுத்த ஒரு கனியத்தை யுரேனினைட்டு என்றே விவரித்தார். இலண்டனில் விண்டம் டன்ஸ்டன் செய்த இரசாயனப் பகுப்பு அதில் மேலோங்கி நிற்பது தோரியம் என்று காட்டியது, தோரியனைட்டு என்ற புதிய கனியம் பிறந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததை மூலக அளவுகள் பிரித்துக் காட்டிய கதை அது.

புல்மோட்டை அட்டவணையில் ஒரு பொறியும் உண்டு. வீதங்களெல்லாம் கூட்டினால் 100 ஆக வேண்டும். இல்மனைட்டு கூடினால் மற்றவை குறைந்தே ஆக வேண்டும், கடலில் அவற்றுக்கிடையே எந்தப் பகையும் இல்லாவிட்டாலும்கூட. விகிதங்களால் உண்டாகும் இத்தகைய பொய்த் தொடர்பைப் பியர்சன் 1897 இலேயே எச்சரித்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1980களில் ஜோன் எய்ச்சிசன் தீர்வு சொன்னார்: வீதங்களை விட்டுவிட்டு, ஒன்றுக்கொன்றான விகிதத்தின் மடக்கையை எடு. கொட்பே கரையில் இயங்கும் டோக்கியோ சீமெந்து ஆலையில் அரைபடும் கிளிங்கரின் ஒட்சைட்டுகளுக்கும் இதே விதி. சுண்ணாம்பு கூடினால் சிலிக்கா குறையும் என்று தொடர்புக் குணகம் காட்டுவதில் பாதி, நூற்றுவீதக் கணக்கின் நிழல்.

எண்ணெய்க் கதை இன்னும் சுவையானது. 2020 செப்டம்பர் 3 ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 270,000 தொன் மசகெண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பல் கிழக்குக் கரைக்கு அப்பால், சங்கமன்கண்டிக்கு நேரே தீப்பிடித்தது. ஒரு மாலுமி உயிரிழந்தார். சரக்கெண்ணெய் தப்பியது, கடலில் டீசல் படலம் காணப்பட்டது. இப்படியொரு நாளில் இரசாயனவியலாளரிடம் கேட்கப்படும் கேள்வி நேரானது: இந்தப் படலம் சரக்கா, கப்பலின் சொந்த எரிபொருளா, அல்லது வேறு கப்பல் கழுவிவிட்டுப் போனதா?

எண்ணெய் என்பது ஆயிரக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவை. ஜி.சி.-எம்.எஸ். கருவி அவற்றை வரிசையாகப் பிரித்து உச்சிகளாக வரையும். கடலில் விழுந்த மறுகணமே எண்ணெய் மாறத் தொடங்குகிறது. இலேசானவை ஆவியாகும், நேர்ச்சங்கிலி அல்கேன்களை நுண்ணுயிர்கள் முதலில் தின்னும். ஒரு மாதம் கரையில் கிடந்த தார்க்கட்டியை அதே எண்ணெயின் புதிய துளியோடு ஒப்பிட்டால் வேறு எண்ணெய் போலவே தோன்றும். ஆனால் ஹோபேன், ஸ்டெரேன் எனப்படும் சில மூலக்கூறுகள் எளிதில் அசையாதவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் எந்த உயிர்களின் மிச்சம் எந்தப் பாறையில் புதைந்து எண்ணெயானது என்பதை அவை சுமந்து வருகின்றன. தேய்வில் ஒரேமாதிரி நடந்துகொள்ளும் இரண்டு மூலக்கூறுகளின் விகிதத்தை எடுத்தால், வெயிலும் அலையும் இரண்டையும் ஒரே அளவில் குறைத்திருக்கும், விகிதம் மாறாது. அத்தகைய விகிதங்களோடு தேய்வைக் காட்டும் விகிதங்களையும் சேர்த்துப் பி.சி.ஏ. செய்தால், வயதான மாதிரிகள் ஒரு திசையில் நீண்டு போகும், வேறு மூலத்திலிருந்து வந்தவை இன்னொரு திசையில் விலகும். எது மூப்பு, எது பிறப்பு என்று பிரித்துப் படிக்கலாம்.

1989 மார்ச் 24 இல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எக்ஸன் வால்டிஸ் கப்பல் தரைதட்டியது. பிறகு அந்தக் கரைகளில் தார்க்கட்டிகளைப் பொறுக்கிய அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் கீத் குவென்வோல்டன் குழுவினர், அவற்றுள் பல எக்ஸன் வால்டிஸ் எண்ணெயோடு சற்றும் பொருந்தவில்லை என்று கண்டார்கள். காபன் சமதானிகளும் வேறு, உயிர்ச்சுவட்டு மூலக்கூறுகளும் வேறு. பொருந்தியது கலிபோர்னியாவின் மொன்டெரே பாறையில் பிறந்த எண்ணெயோடு. அலாஸ்காவின் சொந்த எண்ணெய் குழாய்வழி வருவதற்கு முந்திய காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து தாங்கிகளில் வைத்திருந்த எண்ணெயும் தாரும், 1964 மார்ச் 27 ஆம் திகதிப் பெரும் நிலநடுக்கத்தில் தாங்கிகள் உடைந்தபோது கடலில் கலந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. அந்தத் தார் கால் நூற்றாண்டுக்கு மேல் கரையில் காத்திருந்திருக்கிறது.

இதைப் படிக்கும் திருமலைக்காரருக்குச் சீனக்குடா நினைவுக்கு வரும். பிரித்தானியர் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர் அளவில் கொள்ளக்கூடியவை. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்தது, அதன் உருகிய இரும்பு இன்னும் கிடக்கிறது. கிழக்குக் கரையில் ஒதுங்கும் தார்க்கட்டிகளில் நேற்றைய கப்பல்களுடையவை எத்தனை, அந்தப் போர்க்காலத்து எரிநெய் எதிலாவது இருக்கிறதா? பழைய தாங்கிகளின் அடிக்கசடு ஒப்பீட்டுக்குக் கிடைத்தால் விடை சொல்லக்கூடிய கேள்வி இது. ஒரு குறுங்காலப் பாடநெறிக்கு இதைவிட நல்ல செய்முறை வேலை இருக்க முடியாது.

கோதுமையை விரைவாகச் சொல்லிவிடலாம். சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிரிமா ஆலை உலகின் மிகப் பெரிய மா ஆலைகளுள் ஒன்று. கோதுமையின் புரதத்தை அளக்க ஒருகாலத்தில் கெல்டால் முறைப்படி செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கொதிக்க வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கார்ல் நோரிஸ் வளர்த்த அண்மை அகச்சிவப்பு ஒளி முறையைக் கனடாவின் தானிய ஆணையம் 1975 இல் ஏற்றது, ஒரு கைப்பிடி தானியமும் ஒரு நிமிடமும் போதுமானதாயின. அந்த ஒளிக்கோலத்தில் நீர், மாப்பொருள், புரதம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும், தனி உச்சி என்று ஒன்று இல்லை. அதிலிருந்து புரதத்தை உருவி எடுக்கப் பின்னாளில் வழக்கமாகிய முறை பி.எல்.எஸ். (பகுதி இழிவு வர்க்க முறை). பி.சி.ஏ. அட்டவணையை மட்டும் பார்க்கிறது. பி.எல்.எஸ். நமக்கு வேண்டிய விடையையும் பார்த்துக்கொண்டே திசையைத் தெரிவுசெய்கிறது. பொருளாதாரக் கணக்குகளுக்காக ஹெர்மன் வோல்ட் உருவாக்கியதை இரசாயனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னின்றவர் அவருடைய மகன், முன்னே சொன்ன ஸ்வாந்தே.

விடையைப் பார்த்துக்கொண்டே திசை தேடும் முறை என்பதால் அது எளிதில் ஏமாற்றும். இதைக் கற்க ஏற்ற இடம் கன்னியா. அநுராதபுர வீதியில், நகருக்குச் சற்று வெளியே, ஒரே வளவுக்குள் ஏழு சிறு கிணறுகள். இராவணன் தன் தாயின் அந்தியேட்டிக்காக உண்டாக்கியவை என்பது ஐதிகம், இன்றும் மக்கள் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்கிறார்கள். ஒவ்வொரு கிணற்றின் சூடும் சற்று வேறு. இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடேறித் திரும்புகிறது.

ஏழு கிணறுகளிலும் இருபது மூலகங்களை அளந்து, சூடான மூன்று, சூடு குறைந்த நான்கு என்று பிரித்து, பி.எல்.எஸ். கொண்டு இரு கூட்டத்தையும் பிரிக்கச் சொன்னால் படத்தில் அவை கச்சிதமாகப் பிரியும். நம்பிவிடக் கூடாது. ஏழு புள்ளிகள் இருபது பரிமாண வெளியில் கிடந்தால் எந்த மூன்றையும் எந்த நான்கிலிருந்தும் ஒரு தட்டையான தளத்தால் பிரிக்க முடியும், எண்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தாலும் சரி. ஏழை மூன்றும் நான்குமாகப் பிரிக்க 35 வழிகளே உண்டு. கிணறுகளின் பெயர்ச்சீட்டை மாற்றி மாற்றி ஒட்டி அந்த 35 ஐயும் செய்து பாருங்கள். பெரும்பாலானவை அதே அளவு அழகாகப் பிரிந்தால் முதல் படத்துக்கு அர்த்தமில்லை. முதல் படமே எல்லாவற்றிலும் சிறந்தது என்று வைத்துக்கொண்டாலும், தற்செயலாக அப்படி அமைய 35 இல் ஒரு வாய்ப்பு எஞ்சுகிறது. ஏழு கிணறுகள் தரக்கூடிய உச்ச நம்பிக்கை அவ்வளவுதான்.

அதற்கும் மேலே ஒரு தடை. சில அடி இடைவெளியில் இருக்கும் ஏழு கிணறுகளுக்கும் அடியில் ஊறுவது ஒரே நீராக இருக்கலாம். அப்படியானால் அவை ஏழு மாதிரிகள் ஆகா, ஒரே ஊற்றை ஏழு முறை அளந்ததாகவே ஆகும். இலங்கை வெந்நீரைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டுமென்றால் மகாஓயாவுக்கும் கபுரெல்லவுக்கும் தெற்கே மஹபெலெஸ்ஸவுக்கும் போத்தலோடு போக வேண்டும். கன்னியாவிலேயே நிற்பதென்றால் விடிகாலையில், குளிப்பவர்கள் வருமுன் எடுக்க வேண்டும். சவர்க்காரத்தில் இருந்த சோடியத்தைப் பாறையின் சோடியம் என்று எந்த மென்பொருளும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். கணக்கிடும் மென்பொருள் இப்போது இலவசம். ஆர், பைத்தன் இரண்டிலும் இரண்டு வரிகளில் பி.சி.ஏ. முடிந்துவிடும். போத்தலைக் கழுவுவதற்கும் எடுத்த நேரத்தைக் குறிப்பதற்கும் முன்னைப் போலவே ஒரு முழு நாள் வேண்டும், பாடநெறியில் அந்த நாளை யாரும் வெட்டக் கூடாது.

மீண்டும் ஆற்றுமுகத்தின் 120 நிரைகள். ஒரு மாரியின் தரவில் கட்டிய மாதிரியுரு அடுத்த மாரியின் போத்தல்களை, அவற்றைக் கணக்கில் சேர்க்காமலே, சரியாக இடம் காட்ட வேண்டும். அதற்கென இரண்டு அளவைகள் உண்டு. புதிய போத்தல் பழைய போத்தல்களின் கூட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது ஒன்று. இது கொல்கத்தாவின் மகாலனோபிஸ் 1936 இல் எழுதிய தூரத்தின் வழிவந்தது, நிரல்களுக்கிடையேயான தொடர்பையும் கணக்கில் எடுத்துத் தூரம் அளப்பது. மாதிரியுருவால் விளக்க முடியாமல் மிஞ்சிய பகுதி எவ்வளவு என்பது மற்றது. முதலாவது மட்டும் பெரிதானால் வழக்கத்தை மிஞ்சிய வெள்ளமாக இருக்கலாம், ஆறு அதே ஆறுதான். இரண்டாவது பெரிதானால் மாதிரியுருவுக்குத் தெரியாத ஒன்று குடாவுக்குள் வந்திருக்கிறது. மகாவலியின் கிளையான அம்பன் கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் திறக்கப்பட்டது. அணைக்குப் பின்னால் வண்டல் தங்கும், நீர் இறங்கும் காலம் மாறும், தேங்கிய நீரில் பாசிகள் சிலிக்காவை எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்திய ஆண்டுகளின் தரவில் கட்டிய மாதிரியுருவை இன்று பயன்படுத்துபவர் முதலில் அந்த மிச்சத்தின் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அது எல்லையைத் தாண்டியிருந்தால் பழையதை ஒதுக்கிவிட்டு, ஐப்பசியிலிருந்து தை வரை ஒரு முழு மாரியையும் மூதூரிலிருந்து புதிதாக அளக்கத் தொடங்க வேண்டும்.